மூன்று ரேம்கள், ஒரு தீர்ப்பு, காலியான தாய்மாமன் நாற்காலி

தைப்பே,
மழை விடாத வியாழக்கிழமை.

என் துணைவியாரின் மூத்த சகோதரரும், மணமகளான என் மகள் பெய்-லிங்கின் தாய்மாமனும், தைனான் நகரில் கணினிக் கடை நடத்திவருபவருமான திரு. ஷி சுன்-தியென் அவர்களின் சமுகத்துக்கு,

லியாவ் ஜிங்-தாங் பணிந்து எழுதுவது. பிளம் பழுக்கும் பருவத்து மழை உங்கள் பக்கமும் கொட்டுவதாகத் தொலைக்காட்சியில் கண்டேன். உங்கள் முழங்கால் வலி கூடாமலும் கடைச் சரக்கில் ஈரம் ஏறாமலும் இருக்க வேண்டுகிறேன். என் நலம் குறித்து எழுதும்படியாக ஒன்றுமில்லை. வீட்டில் நான் ஒருவனே. மூன்று வேளையும் கடையில் வாங்கும் பெட்டிச் சோறு. என் துணைவியார் யுவே-ஷியா உங்கள் இல்லத்தில் இருக்கிறார். ஏன் இருக்கிறார் என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இருக்கக்கூடும் என்பதால், நடந்தவற்றை நடந்த வரிசையிலேயே முன்வைக்க அனுமதி கோருகிறேன். ஞாயிறு மதியம் பெய்-லிங்கின் திருமண விருந்து. தலைமேசையின் நடு நாற்காலியில் தாய்மாமன் அமராதவரை ஒருவரும் சாப்பாட்டுக் குச்சியைத் தொட மாட்டார்கள். அந்த நாற்காலிக்கு நீங்கள் வரப்போவதில்லை என்று சொல்லியனுப்பியிருக்கிறீர்கள். இரு வீட்டு உறவும் பசியோடு ஒரு காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் காட்சி எனக்குக் கண்ணை மூடினாலும் தெரிகிறது, திறந்தாலும் தெரிகிறது.

விருந்தில் திரையிடுவதற்காக, மணமகளின் பிறப்பு முதல் பட்டமளிப்பு வரையிலான படங்களைக் கோத்து யுவே-ஷியா ஒரு காணொளி தயாரித்துவந்தது நீங்கள் அறிந்ததே. பெய்-லிங் தொடக்கப் பள்ளியில் சேரும் கட்டம் வந்ததும் எங்கள் வீட்டுக் கணினி உறைந்து நின்றது. அதற்கு மேல் குழந்தையை அது வளரவிடவில்லை. நினைவகம் போதாது என்று நீங்கள் தொலைபேசியிலேயே நோய் கண்டறிந்தீர்கள். கடையை மூடிவிட்டு ரயிலேறி வந்து, உங்கள் கடையில் விற்கும் ‘வெண்கொக்கு’ ரேம் என்னும் நினைவகப் பட்டை ஒரு ஜோடியை உங்கள் கையாலேயே பொருத்தி, கணினியின் தலைமீது உங்கள் கடை முத்திரை ஒட்டிய பச்சைப் பொரிப் பொட்டலத்தையும் வைத்துவிட்டு, ஒரு குவளைத் தேநீர் மட்டும் அருந்திவிட்டுத் திரும்பினீர்கள். கணினி ஓடியது. ஓடியதை நான் எந்தக் கட்டத்திலும் மறுக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளவும்.

ஆனால் பணி ஓய்வு பெறும்வரை நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதும் தங்களுக்குத் தெரியும். ரேம் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் சட்டப் பிரிவில் அமர்ந்து, உத்தரவாத அட்டையின் பின்புறம் பொடி எழுத்தில் வரும் நிபந்தனைகளை எழுதினேன். ‘வாழ்நாள் உத்தரவாதம்’ என்ற சொற்றொடரில் அந்த வாழ்நாள் வாங்கியவருடையதன்று, பொருளினுடையது என்று தெளிவுபடுத்தியவன் நான். அப்படிப்பட்டவன், இலவசமாக வந்தது, ஓடுகிறது என்ற இரண்டே காரணங்களுக்காக ஒரு பொருளை ஏற்பது எப்படி? விலைக்கேற்ற மதிப்பு, தடுமாறாமல் ஓடும் உறுதி, குறித்த வேகத்துக்கு மேல் முடுக்கினால் தாங்கும் திறன் ஆகிய மூன்றிலும் சந்தையில் உள்ள மற்ற இரு ரேம்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே முறை என்று யுவே-ஷியாவிடம் தெரிவித்தேன்.

“ஓடுதுல்ல? விட்டுடுங்களேன்” என்றார் அவர்.

“ஓடுவது வேறு. ஓடும் என்று நிரூபிக்கப்பட்டது வேறு.”

“நம்ம கல்யாணத்துக்கு முன்னாடி என்னையும் இப்படித்தான் மத்த ரெண்டு பேரோட ஒப்பிட்டுப் பாத்தீங்களா?”

இக்கேள்விக்கு எழுத்து மூலம் பதிலளிப்பதாகக் கூறினேன். அது தவறு என்று இப்போது உணர்கிறேன்.

மின்னணுச் சந்தைக்குச் சென்று, நடுத்தர விலையில் ‘பச்சைக்கல் கோபுரம்’ ஒரு ஜோடியும், உயர்ந்த விலையில், புராண விலங்கான கிலினின் பெயர் கொண்ட ‘தீக்கிலின்’ ஒரு ஜோடியும் வாங்கினேன். தீக்கிலினுக்குக் கறுப்பு வெப்பத் தகடு. அதன் முதுகில் வரிசையாக வண்ண விளக்குகள் எரிகின்றன. இவ்விளக்குகளால் நினைவாற்றல் கூடுமா என்று கடைக்காரப் பெண்மணியைக் கேட்டேன். “ஐயா, விளக்கு எரிஞ்சா வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியாம கம்ப்யூட்டர் போட முடியாது, அவ்ளோதான். கல்யாணப் படம் பண்ணத்தானே? இந்தப் பந்தயக் குதிரையெல்லாம் எதுக்கு உங்களுக்கு? பேசாம ஒரு வெண்கொக்கு வாங்கிட்டுப் போங்க” என்றார். இது சாட்சியம் அன்று, வெறும் அபிப்பிராயம் என்று நான் அப்போது ஒதுக்கிவிட்டேன்.

சோதனையைத் தொடங்குமுன் பச்சைப் பொட்டலத்தைப் பற்றி முடிவெடுக்க வேண்டியிருந்தது. வங்கியிலும் மருத்துவமனையிலும் விமான நிலையத்திலும் இயந்திரம் பழுதாகாமல் ஓடும் என்ற நம்பிக்கையில் கணினிகளின் தலைமீது அந்தத் தேங்காய்ச் சுவைச் சோளப்பொரி இருக்கிறது. அதன் பெயரே ‘சமர்த்தாய் இரு’ என்பதுதான். பச்சை உறை மட்டுமே ஆகும், மஞ்சளும் சிவப்பும் ஆகாது. காலாவதி ஆகியிருக்கக் கூடாது. எக்காரணம் கொண்டும் பிரிக்கக் கூடாது; பிரித்துத் தின்றால் இயந்திரம் நின்றுவிடும் என்பார்கள். இவை அனைத்தும் எனக்குத் தெரியும். ஆயினும் ஒரு தரப்பின் தலைமீது மட்டும் தின்பண்டம் இருப்பது நடுநிலைக்கு முரண் என்று கருதி, அதை அப்புறப்படுத்திச் சமையலறை மேடைமேல் வைத்தேன். மூன்று தரப்பும் பொட்டலமின்றியே விசாரிக்கப்பட்டன.

இதற்கிடையில் ஒரு சிறு குறுக்கீடு. மாப்பிள்ளையின் தந்தை திரு. யென், உறவினருக்கு வழங்கும் நிச்சயதார்த்தக் கேக்குப் பெட்டிகள் பற்றிப் பேச ஹ்சின்சுவிலிருந்து முதன்முறையாக எங்கள் வீட்டுக்கு வந்தார். யுவே-ஷியா முடி திருத்தச் சென்றிருந்தார். தேநீர் கொடுத்தும், சமையலறையில் கைக்கு அகப்பட்ட தின்பண்டத்தைப் பிரித்துத் தட்டிலிட்டும் உபசரித்தேன். உறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு ஒவ்வொன்றாக, மிக மெதுவாக, ஒன்று விடாமல் சாப்பிட்டு முடித்தார். நெற்றியெல்லாம் வியர்வை. “எப்படி இருக்கிறது?” என்று கேட்டேன். “நல்லா... நல்லாத்தான் இருக்கு” என்றார். அதிகம் பேசாத மனிதர். நல்ல குடும்பம் என்று மனத்தில் குறித்துக்கொண்டேன்.

பிறகு சோதனை. சட்டத்தின் முன் யாவரும் சமம் என்ற கோட்பாட்டின்படி மூன்று ஜோடிகளுக்கும் ஒரே வேகம், ஒரே மின்னழுத்தம் விதித்தேன். அந்த வேகம் தீக்கிலினின் பெட்டியில் அச்சிடப்பட்டிருந்த வேகம். தீக்கிலின் பறந்தது. பச்சைக்கல் கோபுரம் தள்ளாடியது. உங்கள் வெண்கொக்கு தொடங்கிய கணமே உறைந்து, திரை நீலமாகி, அதன்பின் எவ்வளவு கேட்டும் வாய் திறக்கவில்லை. ஆகவே தீர்ப்பெழுதினேன். விலையில் வெண்கொக்கு முதலிடம், உறுதியிலும் முடுக்கத்திலும் கடைசி, மொத்தத்தில் மூன்றாமிடம். திறந்த நீதிமன்றத்தில் அறிவிக்கப்படாத தீர்ப்பு தீர்ப்பாகாது என்பதால், அதைக் குடும்ப அரட்டைக் குழுவில் முழுமையாக வெளியிட்டேன். மாப்பிள்ளை வீட்டாரும் அக்குழுவில் இருப்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. நீங்கள் பதிலுக்குக் குனிந்து வணங்கும் ஒரு கரடியின் படத்தை மட்டும் அனுப்பினீர்கள். அந்தக் கரடியை நான் இதுவரை எத்தனை முறை பெரிதாக்கிப் பார்த்திருப்பேன் என்று சொல்ல முடியாது. அதன் கண்ணில் இருப்பது பணிவா, சினமா, ஒன்றும் விளங்கவில்லை.

யுவே-ஷியாவின் கண்ணில் இருந்தது விளங்கியது. “எங்க அண்ணன் கடைய மூடிட்டு, முட்டி வலியோட ரயிலேறி வந்து மாட்டிவிட்டுப் போனதுக்கு நீங்க மார்க் போடுறீங்களா? அதுவும் மூணாவது?”

“மொத்தம் மூன்று பேர்தான் கலந்துகொண்டார்கள்” என்றேன், ஆறுதலாக.

அத்தோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. வென்ற தீக்கிலினைப் பொருத்தி, அது பெட்டியில் கண்ட வேகத்தையும் தாண்டுமா என்று ஒரு படி ஏற்றினேன். தாண்டியது. இன்னொரு படி. அதற்கும் தாண்டியது. என்னவென்று எழுதுவேன், மைத்துனரே! வாழ்நாள் முழுவதும் வேகத் தடை எழுதியவன் கையில் முதன்முறையாக ஒரு முடுக்கி கிடைத்திருக்கிறது. அன்றே காணொளியும் முழுதாகத் தயாராயிற்று. பெய்-லிங்கை வரவழைத்துப் போட்டுக் காட்டினோம். பிறந்தாள், தவழ்ந்தாள், நடந்தாள், பள்ளிக்குப் போனாள். அங்கிருந்து முகம் முழுக்கப் பச்சைக் கோடு. நீச்சல் பரிசு வாங்குபவளுக்குக் கழுத்துக்கு மேல் வேறொரு படத்திலிருந்த என் கார். பட்டமளிப்பு விழாவில் அவள் இருந்த இடத்தில் சதுரம் சதுரமாக ஏதோ நகர்ந்தது.

“அப்பா... என் மூஞ்சி எங்கப்பா?” என்றாள் குழந்தை.

நான் பதில் சொல்லுமுன் கணினி ஒரு முறை விக்கி அணைந்தது. தீக்கிலினின் விளக்குகள் மட்டும் சிவப்பு, ஊதா, நீலம் என்று திருவிழாப் போல ஓடிக்கொண்டே இருந்தன. யுவே-ஷியா மூலப் படங்களையெல்லாம் பிஸ்கட் டின்னில் அடுக்கினார். வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் வாயைத் திறந்தார். “வேகமா ஓடுனா போதுமா? புள்ள மூஞ்சி இருக்க வேண்டாமா அதுல?” அவர் பிடித்தது தைனான் ரயில்.

மறுநாள் தீக்கிலின் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையை அழைத்தேன். ஓர் இளம்பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு உத்தரவாத நிபந்தனையை வாசித்தார். ‘குறித்த வேகத்தை மீறி, நேரடியாகவோ மறைமுகமாகவோ, தெரிந்தோ தெரியாமலோ, தாமாகவோ பிறர் மூலமாகவோ முடுக்கப்பட்ட...’ அந்த நடை எனக்குப் பழக்கமானதாக இருந்தது. அது என்னுடையது. என் பழைய நிறுவனத்துக்கு எழுதியதை எழுத்து மாறாமல் இவர்கள் எடுத்தாண்டிருக்கிறார்கள். “ஏதேனும் விதிவிலக்கு உண்டா, அம்மணி?” என்று கேட்டேன். “இல்லீங்க சார். நாங்களே எவ்வளவோ தேடிப் பாத்திருக்கோம். இத எழுதுனவரு பெரிய கெட்டிக்காரரு, ஒரு ஓட்டகூட வைக்கல” என்றார். நன்றி கூறி வைத்தேன். வேறென்ன சொல்வது? மேல்முறையீட்டுக்கு என்னிடமேதான் வர வேண்டும்.

பின்னர் உங்கள் வெண்கொக்கை மீண்டும் பொருத்தி, அதற்கு உரிய வேகத்திலேயே ஓடவிட்டேன். அன்று முதல் இன்றுவரை ஒரு முறைகூடத் தடுமாறவில்லை. இந்தக் கடிதத்தையே அதில்தான் தட்டச்சு செய்கிறேன். நடப்பதற்குப் பிறந்ததை ஓட்டப் பந்தயத்தில் நிறுத்திவிட்டு, கால் சரியில்லை என்று தீர்ப்பெழுதியிருக்கிறேன். சமமாக நடத்துகிறேன் என்று நினைத்துக்கொண்டு அநீதி செய்திருக்கிறேன். எனவே மேற்படி தீர்ப்பை முழுமையாகவும் நிபந்தனையின்றியும் திரும்பப் பெறுகிறேன். மதிப்பிலும் உறுதியிலும் வெண்கொக்கே முதலிடம். முடுக்கம் என்ற தலைப்பு விசாரணையிலிருந்தே நீக்கப்படுகிறது. இத்திருத்தத்தை அதே அரட்டைக் குழுவில் வெளியிட்டுவிட்டேன். இம்முறை கரடிகூட வரவில்லை.

நாளை விருந்து மண்டபத்தார் தலைமேசைக்குரிய பெயரட்டை கேட்பார்கள். என்ன பெயர் எழுதிக் கொடுப்பேன்? என்மீது என்ன கோபமிருந்தாலும் அதை ஞாயிறு மாலைக்கு ஒத்திவைத்து, பெய்-லிங்கின் பொருட்டு வந்து அமருங்கள். நானும் இனி எந்த இயந்திரத்தின் வேகத்தையும் தொடுவதில்லை என்று உறுதியளிக்கிறேன். யுவே-ஷியாவிடம், அவரது பழைய கேள்விக்கு எழுத்து மூலப் பதில் தயாராக இருக்கிறது, அது ஒரே ஒரு சொல் என்றும் தெரிவிக்கவும். உங்கள் கடை பெருகவும், முழங்கால் தேறவும், உங்கள் நிழல் என் மகள்மீது நெடுநாள் விழவும் வேண்டி முடிக்கிறேன்.

தங்கள் பணிவுள்ள,
லியாவ் ஜிங்-தாங்

பி.கு.: உறையை ஒட்டும் வேளையில் யுவே-ஷியாவின் அழைப்பு வந்தது. நடந்த உரையாடலை உள்ளபடியே தருகிறேன். மேலே எழுதியவற்றை அதன் வெளிச்சத்தில், அல்லது இருட்டில், படித்துக்கொள்ளவும்.

“தீர்ப்பாம் தீர்ப்பு! அத எவன் படிச்சான்? ரெண்டாவது வரியிலயே அண்ணன் கண்ணாடிய கழட்டி வச்சிட்டாரு. கரடி, கை தவறிப் போனது. அத விடுங்க, சம்பந்தி வந்தப்ப என்ன குடுத்தீங்க?”

“தேநீர்.”

“கூட?”

“மேடைமேல் இருந்த பொரி.”

அவர் நெற்றியில் அறைந்துகொள்ளும் ஓசை கேட்டது.

“அய்யோ, அவரு ஆயுசு பூரா சிப்பு ஃபேக்டரில மிஷினு பாக்குற மனுஷன்! பொண்ணு வீட்டுல மொத மொத குடுத்ததாச்சேன்னு மறுக்க முடியாம பூராத்தையும் தின்னிருக்காரு. மறுநாளே அவரு மிஷினு நின்னுபோச்சாம். உறையில இருந்த முத்திரையப் பாத்து அண்ணனுக்கே போன போட்டு, ‘மச்சான், நான் பண்ணுனது பாவமா?’ன்னு கேட்டாராம். அண்ணன் கூனிக் குறுகிப்போயிட்டாரு. எந்த மூஞ்சிய வச்சுகிட்டு அவரு எதிர உக்காருறதுன்னுதான் வரலங்கிறாரு. படம் இங்க கடைக் கம்ப்யூட்டர்லயே முடிஞ்சாச்சு, புள்ள மூஞ்சி பளிச்சுன்னு இருக்கு. மேசைக்கு ஒரு பச்சைப் பொட்டலம் வைங்க, சம்பந்தி கையில நீங்களே ஒண்ணு குடுத்து மன்னிப்புக் கேளுங்க. அப்பத்தான் அண்ணன் வருவாரு, நானும் வருவேன். அதுவரைக்கும் எதையும் தொட்டுடாதீங்க!”

உடனே குடையெடுத்துப் புறப்பட்டேன். கடை கடையாக ஏறி இறங்கியதில் பச்சைப் பொட்டலங்கள் நிறைந்த ஒரே ஒரு பெட்டி கிடைத்தது. காலாவதி தேதியைப் பார்த்தேன்: விருந்து நடக்கும் அதே ஞாயிறு. தேதி குறிப்பிடப்பட்ட பொருள் அந்நாளின் நள்ளிரவு வரை செல்லுபடியாகும் என்பதற்குச் சட்டத்தில் இரண்டாம் கருத்தே இல்லை. விருந்து மதியம். வாருங்கள், ஆனால் தயவுசெய்து தாமதமாக வராதீர்கள்.