ஆறு விளக்குகளும் நீக்கப்பட்ட ஒரு ரிலேயும்

கிளிநொச்சியில் கிராமிய முன்னேற்ற ஒருங்கிணைப்பு அலகு என்றொரு அலுவலகம் உண்டு. அது எதை ஒருங்கிணைக்கிறது என்பது இன்னும் தீர்மானிக்கப்படவில்லை. ஆனால் அதற்கு ஒரு கெப் வாகனமும், கணபதி என்ற சாரதியும், கூட்டக் குறிப்பு எழுத நானும் இருந்தோம்.

நாயாற்றுப் பக்கம் வேலைக்குப் போனால் திரும்பும்போது பொழுதுபட்டுவிடும். தார் ரோட்டில் எருமைகள் தாரோடு தாராகப் படுத்திருக்கும். ஒருநாள் கணபதி பிரேக் அடித்த அடியில், பின்னால் இருந்த வெளிக்கள உத்தியோகத்தர் சிவனேஸ்வரியின் முன்பல் ஒன்று உடைந்தது. அடுத்த நாளே கணபதி, மேலதிக விளக்கு இரண்டு பூட்டித் தரும்படி விண்ணப்பித்தார். என்னென்ன வேண்டும் என்று, வாகன வயறிங் செய்யும், எல்லோரும் நானா என்று கூப்பிடும் மஸாஹிரிடம் விசாரித்தார்.

"லைற் ஆரும் பூட்டலாம் கணபதி. வயர்தான் விசயம். பற்றரியில இருந்து தடிச்ச வயர் வரவேணும். பற்றரிக்குக் கிட்ட ஒரு பியூஸ். நடுவில ஒரு ரிலே. சுவிச்சுக்கு மெல்லிய வயர் காணும். அது ரிலேயைத் தட்டி எழுப்பும், அவ்வளவுதான். லைற்றுக்குப் போற கரண்டை ரிலேதான் சுமக்கும்."

"ரிலே இல்லாட்டி, நானா?"

"எல்லாம் சுவிச்சுக்குள்ளால போகும். கொஞ்சத்தில புகையும்."

கணபதி அப்படியே பட்டியல் எழுதிக் கொடுத்தார். பணிப்பாளர் பரமலிங்கத்தின் தலைமையில் குழு கூடியது. விளக்கு வரை பிரச்சினை இல்லை. ரிலேயில் பேனை நின்றது.

"ரிலே எண்டால் அஞ்சலோட்டம் எல்லோ? அது விளையாட்டுப் பிரிவின்ரை அலுவல்" என்றார் பணிப்பாளர்.

விண்ணப்பக் கோவை விளையாட்டுப் பிரிவுக்குப் போய் மூன்று கிழமையில் திரும்பியது. "ரிலேக்கு நால்வர் தேவை. தங்கள் விண்ணப்பத்தில் ஒன்று மாத்திரமே கோரப்பட்டுள்ளமையால் அது பூரணமற்றது எனத் தாழ்மையுடன் அறியத்தருகின்றோம்."

குழு மறுபடி கூடியது. இம்முறை கணபதி நேரில் அழைக்கப்பட்டார்.

"இந்த ரிலே வாகனத்தில எங்கை தெரியும்?"

"தெரியாது சேர். பொனற்றுக்குள்ள இருக்கும்."

"தடிச்ச வயர்?"

"அதுவும் உள்ளுக்கதான்."

"பியூஸ்?"

கணபதி யன்னலுக்கு வெளியே நின்ற கெப்பின் பொனற்றைக் காட்டினார்.

"அப்ப ஒருத்தரும் பாக்க ஏலாத சாமானுக்கு ஏன் அரசாங்கம் செலவழிக்க வேணும்?"

சிவனேஸ்வரி எழுந்தா. "சேர், லைற் எரியிறதுக்கு அது வேணும்."

"எரியிறது இரண்டாம் கட்டம், மிஸ். முதல் பூட்டுவம்."

"கட்புலனாகாத பொருட்கள் நீக்கப்பட்டன" என்று நான் எழுதினேன். பக்கத்து அலுவலகக் கெப்பில் நாலு விளக்கு இருப்பதாக அப்போது யாரோ சொன்னார்கள். எங்கள் விளக்குகள் உடனே ஆறாக உயர்த்தப்பட்டன. வயருக்கு, சரசுவதி பூசைக்குச் சோடித்த அலங்கார வயர் களஞ்சியத்தில் மிச்சம் கிடந்தது.

திறப்பு விழா பின்னேரம் நாலரைக்கு. மாலை போட்ட கெப்பின் முன்னால் ஊழியர்கள் வரிசையாக நின்றார்கள். "சேர், கனநேரம் விடாதேங்கோ" என்று கணபதி கெஞ்சினார். பணிப்பாளர் சுவிச்சை அமத்தினார். ஆறும் பளிச்சென்று எரிந்தன. பிறகு சுவிச்சடியில் இருந்து வெள்ளைப் புகை எழும்பியது. அதுவும் நிகழ்ச்சி நிரலில் இருக்கிறதென்று எல்லோரும் இன்னும் பலமாகக் கைதட்டினோம். கணபதி ஓடிப்போய்ப் பற்றரி வயரைக் கழற்றியிராவிட்டால் அலுவலகத்துக்கு வாகனமும் இல்லை, பணிப்பாளரும் இல்லை.

விசாரணைக் குழு ஒரு மாதம் ஆராய்ந்தது. விளக்குகளில் குறைபாடு ஏதும் காணப்படவில்லை, அவற்றை எரியவிட்டமையே அனர்த்தத்துக்குக் காரணம் என்பது முடிவு. சுவிச்சை அமத்தியது பணிப்பாளர்தான். எனினும் வாகனத்துச் சுவிச்சுகள் யாவும் சாரதியின் பொறுப்பு என்பதால் எச்சரிக்கைக் கடிதம் கணபதிக்கு வந்தது. விளக்குகளுக்கு அலுவலகச் சின்னம் பொறித்த மஞ்சள் மூடி போடப்பட்டது.

"நானே ஒரு ரிலே வாங்கிப் பூட்டட்டோ, சேர்?" என்று கணபதி கேட்டார்.

"தனியார் உடைமையை அரச வாகனத்தில பொருத்தேலாது."

அன்றிலிருந்து பொழுதுபட்டால், கெப்பின் பழைய விளக்கு போதாதென்று சிவனேஸ்வரி முன் கதிரையில் இருந்து, கைத்தொலைபேசி வெளிச்சத்தை யன்னலுக்கு வெளியே பிடிப்பா. கெப் நடைவேகத்தில் வரும். மஸாஹிர் இதற்கு அழுவதா சிரிப்பதா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே, ஊர் வேறு முடிவுக்கு வந்திருந்தது. மூடி போட்ட ஆறு விளக்கு பெரிய இடத்து அடையாளம் என்று எண்ணி முதலில் மற்ற அலுவலகங்களும், பிறகு ஓட்டோக்காரரும், உழவு இயந்திரக்காரரும் அப்படியே பூட்டத் தொடங்கினார்கள்.

போன ஞாயிறு நானும் என் மோட்டார் சைக்கிளைக் கொண்டுபோய் மஸாஹிரின் கடை வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. அவர் கையில் ஒரு ரிலேயை எடுத்தார். ஆசையோடு என் முகத்தைப் பார்த்தார்.

"தம்பி, நீங்கள் படிச்ச ஆள். உங்களுக்கெண்டாலும் ஒழுங்கா வயர் போட்டு விடட்டோ?"

எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது.

"அது வெளியில தெரியுமோ, நானா?"