கலர் மாமா போட்ட மார்க்

இந்த நாட்டில் விஞ்ஞானிகளை எடைபோட எத்தனையோ கமிட்டிகள் இருக்கின்றன. அத்தனையையும்விடக் கறாரான கமிட்டி, சிதம்பரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் தனி ஆளாக உட்கார்ந்திருந்தது. அவருக்குப் பெயர் கலர் மாமா. சொந்தப் பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

ரயில்வே ஸ்டேஷனைத் தாண்டி அண்ணாமலை நகர் போகும் சாலையில் அவருடைய ஃப்ளெக்ஸ் கடை. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என்று மனுஷ வாழ்க்கையின் எல்லாக் கட்டத்துக்கும் அங்கே டிசைன் தயாராக இருக்கும். யார் போட்டோ வந்தாலும் முதல் வேலையாக நிறத்தை நாலு படி ஏற்றிவிடுவார். செத்தவர்களையும் விடமாட்டார். "போற எடத்துல பளிச்சுனு போய் எறங்கட்டுமே, நமக்கு என்ன நஷ்டம்?" என்பார். காலமெல்லாம் வெயிலில் கருத்து உழைத்தவர்கள் அவருடைய பேனரில் ரோஜாப்பூ நிறத்தில் சிரித்தார்கள். சொந்தப் பேரனுக்கே அடையாளம் தெரியாமல் போன கண்ணீர் அஞ்சலிகளும் உண்டு.

நான் அப்போது அண்ணாமலை நகரில் பூச்சியியல் ஆராய்ச்சி மாணவன். கருத்தரங்கு என்று வந்துவிட்டால் பேனர் அடிக்கிற வேலை என் தலையில்தான் விழும். பேச வருகிறவர்களின் போட்டோக்களைக் கொண்டுபோய்க் கொடுத்தால் மாமா ஒவ்வொன்றாகத் திரையில் பெரிதாக்கி, பெண் பார்க்க வந்த வீட்டார் மாதிரி தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார்.

"யார்ரா இவுரு?"

"ரொம்பப் பெரிய ஆளு மாமா. நெல்லுல வர்ற ஒரே ஒரு பூச்சிய வாழ்நாள் பூரா ஆராய்ச்சி பண்ணவரு."

"பூச்சியவே பாத்துகினு இருந்தா மூஞ்சி இப்பிடித்தான் ஆவும். மூணு மார்க்கு."

மார்க் பத்துக்கு. எட்டுக்கு மேல் வாங்கியவருக்குப் பாதி பேனர். நடுத்தர மார்க் என்றால் மார்பளவுப் படம். மூன்று, நாலு என்று போனால் தபால்தலை சைஸில் கீழ் மூலை. பதவி, பட்டம், வெளிநாட்டு விருது எதுவும் அந்தக் கடைக்குள் செல்லாது. என் மார்க் என்ன என்று நான் கேட்கவே இல்லை. அவராகவே சொன்னார்: "உன்ன பேரோட விட்டுடலாம் மாப்ள, போட்டோ வாணாம்."

எனக்கு இந்த மனுஷன்மேல் கோபத்தைவிட ஆர்வம்தான் அதிகம். இந்த மண்டைக்குள் என்னதான் ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள, வேலை இல்லாத நாளிலும் போய் உட்காருவேன். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"ஏன் மாமா, அவுங்க என்ன ஆராய்ச்சி பண்ணாங்கன்னு பாக்க மாட்டீங்களா?"

"ஆராய்ச்சி பேனர்ல தெரியுமாடா? மூஞ்சிதான தெரியும். பஸ்ஸுல போறவன் ஜன்னல் வழியா ஒரு செகண்டு பாப்பான். அதுக்குள்ள அவன இழுக்கணும்."

நான் டீ வாங்கி வரப் போனேன்.

கடலூரில் ஒரு கருத்தரங்குக்கு இப்படித்தான் ஆனது. தலைமை விருந்தினர் மூன்று மார்க் வாங்கி மூலைக்குப் போய்விட்டார். நன்றியுரை சொல்ல வந்த இளைஞன் ஒன்பது வாங்கிப் பாதி பேனரில் நின்றான். வரவேற்புக் குழுவினர் பேனரைப் பார்த்துவிட்டு வாசலில் அவனுக்கு ஆளுயர மாலை போட்டுவிட்டார்கள். உண்மையான தலைமை விருந்தினர் தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு உள்ளே வந்து, ஃபேனுக்குக் கீழே இடம் தேடிக்கொண்டிருந்தார். நான் ஆத்திரமாகக் கடைக்கு வந்து இதைச் சொன்னால், மாமா ஒரே கேள்விதான் கேட்டார்: "மால அந்தப் பையனுக்கு எடுப்பா இருந்துச்சா?"

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். சுகந்தி விஷயம் அப்படி இல்லை.

சுகந்தி எனக்கு சீனியர். அண்ணாகிராமத்துப் பக்கம் முந்திரி விவசாயம் செய்த குடும்பம். அவள் பள்ளியில் படிக்கும்போது அப்பாவின் தோப்பில் மரங்கள் ஒவ்வொன்றாக மஞ்சளடித்துச் செத்தன. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து அவர் கடன் வாங்கி போர் போட்டார். மரமும் பிழைக்கவில்லை, கடனும் தீரவில்லை. அடிமரத்துக்குள் புழு இருக்கிறது என்று சொல்ல ஆள் இல்லை. அந்தப் புழுவைப் பற்றித்தான் சுகந்தி டாக்டர் பட்டம் வாங்கினாள். இப்போது அதே ஊர்ப் பக்கம் தோப்புகள் மறுபடி மஞ்சளடிக்கத் தொடங்கியிருந்தன. விவசாயிகளைக் கூட்டி எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று துடித்தாள்.

அந்தக் கூட்டத்துக்குப் பேனர் அடிக்க அவள் போட்டோவை மாமாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"ரெண்டு மார்க்கு. இது சைண்டிஸ்டு மூஞ்சியாடா? முந்திரிக்கொட்ட ஒடைக்க வர்ற பொண்ணு மாதிரி இருக்குது."

"ஒடைச்சிருக்காங்க மாமா."

"அப்ப செரியாத்தான் சொல்லியிருக்கேன்."

கூட்டம் அந்த ஊர்த் தோப்பு ஒன்றில். அன்று காலை அங்கே போனால், இரண்டு முந்திரி மரங்களுக்கு நடுவே பேனர் கட்டியிருந்தது. சுகந்தி மூலையில் தபால்தலையாக இருந்தாள். நடுவே வெள்ளைக் கோட்டும் கண்ணாடியும் போட்டு, பால்கோவா நிறத்தில் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"யாரு மாமா இது?"

நாற்காலிமேல் ஏறி நின்று கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த மாமா திரும்பாமலே சொன்னார்: "தெரியாது. கம்ப்யூட்டர்ல இருந்தாரு. எடம் காலியா கெடந்துது, போட்டேன்."

இதே பேனரை முந்தின நாளே பண்ருட்டி சாலையிலும் கட்டிவிட்டார். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கூட்டம் அலைமோதியது. ஆனால் எல்லாரும் வந்தது கோட்டு டாக்டரைப் பார்க்க. சுகந்தி மைக்கைப் பிடித்ததும் முன்வரிசைப் பெரியவர் கையைத் தூக்கினார்.

"நீ ஒக்காரு பாப்பா. டாக்டரு எப்ப வருவாரு?"

"நான்தாங்க ஐயா டாக்டரு."

கூட்டம் சிரித்தது. "அவுரு வரலைன்னா நாங்க கெளம்பறோம்" என்று நாலைந்து பேர் துண்டை உதறி எழுந்தார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் எழுந்தார்கள். சுகந்தியின் முகம் செத்துவிட்டது. காற்றில் தொய்ந்த பேனரை மறுபடி இழுத்துக் கட்ட நாற்காலியில் ஏறி நின்ற மாமாவை அப்படியே கவிழ்த்துவிடலாம் போல் எனக்கு இருந்தது.

சுகந்தி மைக்கை வைத்துவிட்டு விறுவிறுவென்று அந்த நாற்காலியை நோக்கித்தான் போனாள். அடிக்கப் போகிறாள் என்றே நினைத்தேன். அவளோ மாமா கயிறு கட்டிய மரத்தடியில் குந்தினாள். அதன் இலையும் மஞ்சளடித்திருந்தது. அடிமரத்தில் பிசினும் மரத்தூளும் கசிந்த இடத்தைத் தடவிப் பார்த்து, பையிலிருந்து உளியை எடுத்துப் பட்டையைச் செதுக்கினாள். விரல் தடிமனில் வெள்ளை வெளேரென்று ஒரு புழு நெளிந்தது. அதை எடுத்து மாமாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"இதுக்கு எத்தன மார்க்கு மாமா?"

மாமா நாற்காலியிலிருந்து இறங்கவும் இல்லை, கையை உதறவும் இல்லை. தொழில் புத்தி விடுமா? வெயிலில் காட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல செவப்புமா. கொழுகொழுன்னு இருக்குது. ஒம்போது போடலாம்."

"இந்த ஒம்போது மார்க்குதான் எங்கப்பா தோப்ப தின்னுச்சு. இப்ப இவுங்க தோப்ப தின்னுகினு இருக்குது."

எழுந்தவர்கள் அப்படியே நின்றார்கள். மாமா புழுவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக இறங்கி வந்து கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்:

"அந்தக் கோட்டுக்காரரு வர மாட்டாருங்க. அவுரு யாருன்னு எனக்கே தெரியாது. டாக்டரு இவுங்கதான்."

"அப்பறம் எதுக்குய்யா அவுர போட்ட?"

"அழகா இருந்தாருங்க."

தோப்பே அதிரும்படி சிரிப்பு. அது அடங்குவதற்குள் மாமா பேனரை அவிழ்த்து மரத்தைச் சுற்றித் தரையில் விரித்துவிட்டார். "ஒக்காருங்க, கிட்ட வந்து பாருங்க." கோட்டு டாக்டரின் சிரிப்பின்மேல் ஏழெட்டு விவசாயிகள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, புழுவை எப்படித் தோண்டி எடுப்பது, வேப்பெண்ணெயை எங்கே தடவுவது, செத்த மரத்தை ஏன் அப்புறப்படுத்த வேண்டும் என்று கேள்விமேல் கேள்வி கேட்டார்கள். எத்தனையோ கருத்தரங்குக்கு பேனர் அடித்த மாமா, முதன்முதலாக ஒரு பேச்சை முழுசாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

அந்தத் தோப்புகள் பெரும்பாலும் பிழைத்துவிட்டன. அடுத்த கூட்டத்துக்கு பேனர் முழுக்க சுகந்தி. போட்டோவில் இருந்த அதே கருப்பு, எண்ணெய் வைத்துப் படிய வாரிய அதே தலை. "கலர் தூக்கலியா மாமா?" என்றேன். "இதுல என்னடா இருக்குது தூக்கறதுக்கு?" என்றார், ஏதோ நான்தான் பைத்தியக்காரன் மாதிரி.

இந்தப் பத்தி எழுதத் தொடங்கியபோது பத்திரிகையில் என் படம் கேட்டார்கள். நான் ஒன்றை மாமாவுக்கு அனுப்பி, மானத்தைக் காப்பாற்றும்படி கேட்டுக்கொண்டேன். அது போன மாதிரியே திரும்பி வந்தது. பின்னாலேயே அவர் ஃபோனும் வந்தது.

"ஒண்ணும் பண்ணல மாப்ள. நல்லாத்தான்டா இருக்க."

"எத்தன மார்க்கு மாமா?"

"நம்ம புள்ளைக்கு எவன்டா மார்க்கு போடுவான்?"

மேலே இருக்கும் படம் அதுதான். உங்களுக்கு எப்படித் தெரிகிறதோ, எனக்கு அதில் நான் அழகாகவே தெரிகிறேன்.