தலைவரின் ஒரே இங்கிலீஷ் சொல்

"ஆக்சுவலி," என்றார் அழகுமுத்து, இரண்டாம் தடவையாக.

தேயிலை வாங்கும் கம்பெனியிலிருந்து தோட்டத்தைப் பார்க்க வந்த வெள்ளைக்கார அம்மாவுக்கும் தொழிலாளர்களுக்கும் இடையே மொழிபெயர்க்க, நோர்வூட் பக்கத்திலேயே ஆளில்லாததுபோல் இங்கிலீஷ் டீச்சரான பிரியந்தியைத்தான் அழைத்திருந்தார்கள். அந்தப் பெருமையில் புதுச்சேலை கட்டி வந்திருந்தாள். ஆனால் தொழிலாளர்களின் தோட்டத் தலைவர் என்று மாலையோடு பக்கத்தில் நின்ற அப்பா அழகுமுத்துதான் பெருமையைக் குலைத்துக்கொண்டிருந்தார்.

"புள்ளக்காம்பராவுக்குக் கூரை மாத்தியாச்சுன்னு துரை சொல்றாரு" என்று, துரை இங்கிலீஷில் சொன்னதை அவள் தமிழில் சொன்னதும் முதல் 'ஆக்சுவலி'. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகையில் பிள்ளைகளை விட்டுச் செல்லும் அந்த அறை ஒழுகுவதே இல்லை என்றதும் இரண்டாவது. தோட்ட மேனேஜரான துரையின் காது சிவந்தது.

கூரை மாறவில்லை என்று பிரியந்திக்கும் தெரியும். ஆனால் விருந்தாளி முன்னால் துரையை எதிர்த்தால் அப்பாவின் வேலை என்னாவது?

"ஆமாம் என்பதை அப்படிச் சொல்கிறார்" என்று இங்கிலீஷில் சமாளித்தாள்.

"பிறகு ஏன் இல்லையென்று கையை ஆட்டுகிறார்?" என்று கேட்டார் அந்த அம்மா.

பிரியந்தி அப்பாவை ஓரமாக இழுத்துப்போனாள்.

"அப்பா, அது 'ஆமாங்க'ன்னு சொல்ற சொல்லு இல்ல. லத்தீன்லருந்து பிரெஞ்சு வழியா வந்தது. செயல்ல உள்ளது, நெசமானதுன்னு அர்த்தம். இப்ப சும்மா பேச்சுக்கு நடுவுலயும் போடுவாங்க. ஆனா ஒருத்தர் சொல்லி முடிச்சதும் சொன்னா, 'நீங்க சொல்றது சரியில்ல'ன்னு ஆயிரும். வேலைய நிப்பாட்டிருவாங்கப்பா!"

"அப்படியா தாயி! படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்" என்று அழகுமுத்து மீசையைத் தடவிக்கொண்டார்.

திரும்பி வந்ததும், கூரை இனிப் பத்து வருஷத்துக்குத் தாங்கும் என்று புள்ளக்காம்பரா பக்கம் கைகாட்டி இங்கிலீஷில் சொன்னார் துரை. வம்பே வேண்டாமென்று பிரியந்தி அதை மொழிபெயர்க்காமல் விழுங்கினாள். அவள் தமிழில் சொல்வாளா என்று அழகுமுத்து கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். பிறகு நெஞ்சை நிமிர்த்தி, முன்னைவிட உரக்க, "ஆக்சுவலி!" என்றார்.

"போய்த்தான் பார்ப்போமே" என்று அந்த அம்மா குடையை விரித்தார்.

புள்ளக்காம்பராவில் ஏழு வாளிகள் மழையைப் பிடித்துக்கொண்டிருந்தன. எட்டாவது ஒழுக்கு துரையின் தலையில் விழுந்தது. புதுக்கூரைக்கு நாள் குறித்துத் துரை கையெழுத்துப் போடும்வரை அந்த அம்மா அசையவில்லை. போகும்போது அழகுமுத்துவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மீனம்மாவிடம் பிரியந்தி முறையிட்டாள்.

"கூரை வருது, சந்தோசந்தான்க்கா. அதுக்காக, அர்த்தம் தெரியாம ஒரு சொல்ல வச்சுக்கிட்டு அப்பா என் மானத்த வாங்கலாமா?"

மீனம்மா சிரித்துவிட்டாள்.

"தெரியாமயா? 'துரை பொய் சொன்னா மரியாத கொறையாம மறுத்துப் பேச இங்கிலீஷ்ல ஒரு சொல்லு வேணும், எம்மக பிரியந்திகிட்ட கேட்டா பயந்துருவா'ன்னு ஒரு வாரமா எங்க வீட்டுக்கு வந்து, எம்மக லோஜினிகிட்டல்ல படிச்சாரு. அவளுக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதானே டீச்சர்!"