ஆடாத படகு தேடியது குறித்துச் சம்பந்திக்கு

ஹோன் காய்,
சந்திர மாதம் இரண்டு, விடாத தூறல்.

மேன்மைமிகு சம்பந்தி துவான் அவர்களின் சமூகத்துக்கு, நிலக்கரித் துறைமுகத்தில் கப்பலேற்று மேற்பார்வையாளனாக இருந்து ஓய்வுபெற்ற கியெம் கைகூப்பி எழுதுவது. இங்கே நானும் என் மனைவி தோவாவும் மகள் மியெனும் நலம். ஹனோயில் தாங்களும் தங்கள் துணைவியார் லியூ அம்மையாரும் மாப்பிள்ளை லோக்கும் நலமாக இருக்க வேண்டும் என்று எங்கள் வீட்டு முன்னோர் பீடத்தில் ஊதுபத்தி ஏற்றிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். தங்கள் வீட்டிலிருந்து வெற்றிலை பாக்குத் தட்டு இன்னும் எங்கள் வாசலுக்கு வரவில்லை. அதற்குள் சம்பந்தி என்று அழைப்பது முறையா என்று யோசித்தேன். வேறு எப்படி அழைப்பது என்று தெரியாததால் அப்படியே அழைத்துவிட்டேன். போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நான் போனில் பேச ஆரம்பித்தால் தோவா பிடுங்கிக்கொண்டு லியூ அம்மையாரிடம் புடலங்காய் விலை பேசப் போய்விடுகிறாள். ஆகவே கடிதம்.

விஷயம் தாங்கள் அறிந்ததே. நிச்சயதார்த்தத்துக்கு முன் இரண்டு குடும்பமும் ஒன்றாகப் பழக வேண்டும், அதற்கு எங்கள் வளைகுடாவில் சுண்ணாம்புப் பாறைத் தீவுகளுக்கு நடுவே இரண்டு நாள் படகில் போய் வரலாம் என்று தாங்கள் பெருந்தன்மையோடு எழுதியிருந்தீர்கள். ‘தாங்கள் அங்கேயே இருப்பவர், ஆகவே ஏற்பாடு தங்கள் பொறுப்பு’ என்றும் எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் படித்ததும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பிறகுதான் யோசித்தேன், நான் இங்கேயே இருப்பவன் என்பதுதான் சிக்கலே. என் வேலைக்காலம் முழுவதும் அந்தப் பாறைகளைக் கப்பலுக்குக் காற்று படாமல் மறைக்கிற சுவர் என்றுதான் பார்த்திருக்கிறேன். சுவரை யாராவது காசு கொடுத்துச் சுற்றிப் பார்ப்பார்களா? பார்க்கிறார்கள், சம்பந்தி. படகுத்துறையில் போய் நின்றால் உலகமே அங்கே வந்து நிற்கிறது.

இருந்தாலும் முயற்சியில் குறை வைக்கவில்லை. லியூ அம்மையாருக்கு ஜன்னலோரம் வேண்டும் என்று தங்கள் முதல் கடிதம் சொன்னது, குறித்துக்கொண்டேன். பௌர்ணமியாக இருந்தால் சைவச் சாப்பாடு, அதுவும் மீனை உப்பில் ஊறவைத்து வடிக்கிற மீன் நீர் ஒரு சொட்டுக்கூடப் படாமல் என்றது அடுத்த கடிதம், சரி. குகைக்குப் போக வேண்டும், ஆனால் முழங்கால் காரணமாகப் படி ஏறக்கூடாது என்றீர்கள். சூரிய உதயம் பார்க்க வேண்டும், ஆனால் சீக்கிரம் எழுப்பக்கூடாது என்றீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, படகு ஆடக்கூடாது என்றீர்கள். நானும் படகு படகாக ஏறி இறங்கினேன். ஒன்றின் சமையல்காரருக்கு ஜலதோஷம், வேண்டாம் என்றேன். ஒன்றின் மாலுமி எதைக் கேட்டாலும் சிரிக்கிறான், சிரிக்கிறவனை நம்பி நடுக்கடலுக்கு எப்படிப் போவது, வேண்டாம் என்று அவனிடமே சொல்லிவிட்டு இறங்கினேன். மற்ற எல்லாப் படகுக்கும் வெள்ளை அடித்திருக்கிறார்கள். சாவு வீட்டில் தலையில் கட்டிக்கொள்கிற துணி மாதிரி வெள்ளை. நல்ல காரியத்துக்குப் போகிறவர்கள் அதில் ஏறலாமா என்று மியெனிடம் கேட்டேன்.

“அப்பா, வளைகுடாவுல ஓடற சுற்றுலாப் படகு எல்லாமே வெள்ளைதாம்ப்பா” என்றாள்.

“அதத்தானே நானும் சொல்றேன். எல்லாமே சரியில்ல.”

அவள் நான் குறித்து வைத்திருந்த தாளை வாங்கி மடித்து வைத்துவிட்டுப் போனாள். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும், புரியவில்லை.

இந்த இடத்தில்தான் என் மைத்துனன் தியெப் வருகிறான். தோவாவின் தம்பி. கணவாய் மீன் பிடிக்கிற மரப்படகு ஒன்று வைத்திருக்கிறான். நல்ல பழுப்பு நிறம். “எதுக்கு அத்தான் ஊரான் படகு? என்னுது இருக்கு. தொட்டில் மாதிரி இருக்கும், ஆடவே ஆடாது” என்றான். தொட்டில் ஆடுவதற்குத்தானே இருக்கிறது என்று எனக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. சம்பந்தி வீட்டார் வருவதற்கு முன் நாமே ஒரு தடவை போய்ப் பார்த்துவிடுவோம், ஒத்திகை மாதிரி, என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் மூவரும் அவனோடு கிளம்பினோம். தோவா ஒரு தூக்கு நிறையக் கணவாய் வடை பொரித்து, ஒட்டரிசிச் சோறு கட்டி எடுத்துக்கொண்டாள். ஒத்திகைக்கு இவ்வளவு எதற்கு என்று கேட்டதற்கு, “வாங்க, வேணும்” என்று மட்டும் சொன்னாள்.

தூறல், பனிமூட்டம், காற்றே இல்லை. படகு நன்றாகத்தான் போயிற்று. முதல் வரிசைப் பாறைகளைத் தாண்டி உள்ளே போனதும் இன்ஜின் ஒரு தும்மல் தும்மி நின்றுவிட்டது. தியெப் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பலகையைத் தூக்கிக் கீழே இறங்கினான். “அஞ்சே நிமிஷம் அத்தான்” என்ற குரல் மட்டும் மேலே வந்தது. அதன் பிறகு ஒரு சுத்தியல் சத்தம், அப்புறம் அவன் யாரையோ திட்டுகிற சத்தம். கீழே அவனைத் தவிர யாரும் இல்லை.

படகு அதன்பாட்டுக்கு மிதந்தது. சம்பந்தி, நான் அந்தப் பாறைகளின் நடுவே சும்மா உட்கார்ந்திருந்தது அதுதான் முதல் தடவை. தண்ணீர் பச்சைக் கஞ்சி மாதிரி அசையாமல் கிடந்தது. ஒவ்வொரு பாறைக்கும் அடியைக் கடல் தின்றுவிட்டிருக்கிறது, காளான் மாதிரி மேலே அகலமாகவும் கீழே குறுகியும் நிற்கிறது. மண்ணே இல்லாத இடத்தில் மரம் தொங்குகிறது. ஒரு பருந்து சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. முன்னால் பார்த்தால் சுவர், பின்னால் பார்த்தால் சுவர், வந்த வழிகூட மூடிவிட்டது. சரி, இங்கேயேதான் என்று நினைக்கும்போது எதிரே இருக்கிற பாறை மெல்ல இரண்டாகப் பிரிந்து நடுவே ஒரு வழி தெரிகிறது. பாறை எங்கே பிரியும், நாம்தான் நகர்கிறோம். நகர்வது நமக்குத் தெரிவதில்லை.

மியென் என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“அப்பா, உண்மையச் சொல்லுங்க. எந்தப் படகு காட்டினாலும் உங்களுக்குப் பிடிக்காதுதானே?”

“ஏன் பிடிக்காது? உன் மாமனார் போடற நிபந்தனைக்கு ஏத்த மாதிரி…”

“அவர் ஏன் நிபந்தனை போடறார்னு தெரியுமா?”

“முழங்கால் வலி.”

“முழங்கால் இல்லப்பா. லோக் புத்தாண்டுக்கு முன்னாடியே அவங்க அப்பாகிட்ட சொல்லிட்டார். நான்தான் உங்ககிட்ட சொல்லாம இருந்தேன். கல்யாணத்துக்கு அப்புறம் நாங்க ஹனோய்ல இருக்கப்போறதில்ல. ரெண்டு பேருக்கும் தானாங்ல வேலை கிடைச்சிருக்கு.”

தானாங்! ஹனோய் என்றால் காலையில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு மகள் வீட்டில் இருக்கலாம் என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். தானாங் என்றால் பாதி நாட்டைக் கடக்க வேண்டும். நான் கோபமாக எழுந்தேன். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. “யாரது எழுந்திருக்கறது? உக்காருங்க! கவுத்துடுவீங்க!” என்று தியெப் கீழேயிருந்து அலறினான். உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்துகொண்டு கோபப்படுவது எவ்வளவு கஷ்டம் என்று தாங்கள் ஒருமுறை செய்து பார்த்தால்தான் தெரியும். முகத்தைத் திருப்பிக்கொண்டு போகலாம் என்றால் போக இடமில்லை, மூன்று பக்கமும் பாறை, நாலாவது பக்கம் மனைவி.

“உனக்குத் தெரியுமா?” என்று தோவாவைக் கேட்டேன்.

“தெரியும்.”

“தெரிஞ்சும் சொல்லலையா?”

“சொல்லிருந்தா வீட்டுல சாப்பிடாம படுத்திருப்பீங்க. இங்கன்னா எங்க போவீங்க? இந்தாங்க, சூடா இருக்கறப்பவே சாப்பிடுங்க.” வடையைக் கையில் வைத்தாள்.

சாப்பிட்டேன். என்ன செய்வது? மியென் தலையைக் குனிந்துகொண்டு, “உங்களுக்குப் பிடிக்கலன்னா சொல்லுங்கப்பா, வேலைய வேண்டாம்னு எழுதிடறேன்” என்றாள். அவள் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் இன்னும் கொஞ்ச நேரம் கோபமாக இருந்திருப்பேன். அவள் குரல் போன போக்கைப் பார்த்தால் நிஜமாகவே எழுதிவிடுவாள் என்று தெரிந்தது. எனக்குப் பயமாகிவிட்டது. “அதெல்லாம் எழுத வேண்டாம்” என்றேன். தோவா இன்னொரு வடையை எடுத்து மியென் கையில் வைத்தாள். தியெப்பின் சுத்தியல் எப்போதோ நின்றுவிட்டிருந்தது. அவன் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தான் என்று பிற்பாடு தெரிந்தது.

கடைசியில் எங்களைக் கயிறு கட்டி இழுத்து வந்தது ஒரு வெள்ளைப் படகு. அந்தச் சிரிக்கிற மாலுமியின் படகேதான். “ஐயா, இப்ப நான் சிரிக்கலாமா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். எங்களை மேலே ஏற்றி டீ கொடுத்தான். வெளிநாட்டுக்காரர்கள் வரிசையாக நின்று எங்களைப் போட்டோ எடுத்தார்கள். ஏதோ தீவில் பிடித்து வந்த ஜனங்கள் என்று நினைத்திருப்பார்கள். நானும் நிமிர்ந்து நின்றேன். உண்மையைச் சொன்னால், அந்தப் படகு ஆடவில்லை.

ஆகவே சம்பந்தி, ஒளிவுமறைவு இல்லாமல் எழுதுகிறேன். நாம் இரண்டு பேரும் பேசி வைத்துக்கொள்ளாமலே ஒரே வேலையைச் செய்துகொண்டிருந்தோம். பயணம் முடிந்தால் நிச்சயதார்த்தம், அது முடிந்தால் கல்யாணம், அதுவும் முடிந்தால் பிள்ளைகள் போய்விடுவார்கள், தானாங்குக்கு என்று தங்களுக்குத் தெரியும், ஹனோய்க்கு என்று நான் நினைத்திருந்தேன். அதனால் தாங்கள் நிபந்தனை போட்டீர்கள், நான் ஜலதோஷம் கண்டுபிடித்தேன். தங்களுக்கு இருப்பது ஒரே மகன், எனக்கு இருப்பது ஒரே மகள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆகையால் என் யோசனை: இப்போது பனிமூட்டம், பாறையே தெரியாது. அது விலகினால் விடுமுறைக் கூட்டம். கூட்டம் குறைந்தால் புயல் காலம், படகுத்துறையையே மூடிவிடுவார்கள். புயல் போனால் குளிர், தங்கள் முழங்காலுக்கு ஆகாது. எப்படிப் பார்த்தாலும் அடுத்த ஆண்டுதான் உகந்தது. அதற்குள் பிள்ளைகளின் மனமும் எப்படி மாறும் என்று யார் கண்டார்கள்? தாங்களும் இதற்கு உடன்படுவீர்கள் என்று நம்புகிறேன். உடன்பட்டால், முழங்காலைக் காரணமாகச் சொல்லித் தாங்களே ஒரு கடிதம் எழுதிவிட்டால் நன்றாக இருக்கும். நான் சொன்னால் இங்கே நம்ப மாட்டார்கள்.

லியூ அம்மையாருக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கு என் ஆசி, கொஞ்சம் வருத்தத்தோடு. தங்கள் வீட்டுப் பெரியவர்களின் ஆன்மாக்கள் எல்லோரையும் காக்கட்டும், மழையில் யாருக்கும் சளி பிடிக்காமல் இருக்கட்டும்.

என்றும் மரியாதையுள்ள,
கியெம்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது தோவா வாங்கிப் படித்துவிட்டாள். மேலே எழுதியதில் யோசனை என்று வருகிற பகுதியைத் தாங்கள் படிக்காததாக எண்ணிக்கொள்ள வேண்டுமாம். பிள்ளைகள் இரண்டு பேரும் சேர்ந்து போன வாரமே டிக்கெட் எடுத்துவிட்டார்களாம், லியூ அம்மையாருக்கும் தெரியுமாம். வருகிற சனிக்கிழமை காலை, படகுத்துறை வாசலில். டிக்கெட் நம் நாலு பேருக்கு மட்டும்தான், சம்பந்தி. பிள்ளைகள் வரவில்லை. அன்றைக்கு அவர்கள் தானாங்குக்கு வீடு பார்க்கப் போகிறார்களாம். “அவங்க இல்லாம நாம நாலு பேரும் ரெண்டு நாள் என்னத்தப் பேசறது?” என்று கேட்டேன். “இனிமே பேசித்தானே ஆகணும், இப்பவே பழகிக்குங்க” என்கிறாள். கம்பளிச் சட்டை எடுத்து வாருங்கள். சதுரங்கம் தெரியும் என்றால் பலகையையும்.