கிளெமன்டைன் வாஸுக்கு வந்த நோட்டீஸ்

தாரவில்லா ஊரில் நவம்பர் முதல் தேதியிலிருந்து மார்ச் கடைசி வரை புல் பத்து சென்டிமீட்டருக்கு மேல் வளரக் கூடாது. வளர்ந்தால் கவுன்சிலின் தீத்தடுப்பு அதிகாரி ராஸ் பிக்கெட் அளவுகோலோடு வந்து, வாசலில் மஞ்சள் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போவார். எங்கள் பக்கம் அந்த மாதங்கள்தான் கோடை. தீ வந்தால் ஊரே போய்விடும் என்பதால் இது நல்ல சட்டம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனிமேல் நான் சொல்லப்போவதில் யாரைப் பற்றியும் நல்ல வார்த்தை வராது.

இதே ஊரில், பழைய கம்பளிக் கிடங்கு ஒன்றில், ஒன்பது பேர் சேர்ந்து வீடியோ கேம் செய்கிறார்கள். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அவர்கள் செய்த ‘தலையைக் குனி’ உலகம் முழுக்கப் பேர் வாங்கியது. தங்கச் சுரங்கக் காலத்துத் தாரவில்லாவில் கிளெமன்டைன் வாஸ் என்கிற சலவைக்காரி, சுரங்க முதலாளிகளின் வீடுகளில் புகுந்து திருடுவாள். சண்டை கிடையாது, துப்பாக்கி கிடையாது. உயரமான புல்லுக்குள் குனிந்துகொண்டு, காவல்காரன் அந்தப் பக்கம் திரும்பும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. அந்தக் காத்திருப்புக்காகவே உயிரை விடுகிறவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தோம். பெயர், மறைந்திருப்போர் சங்கம். முறைப்படி பதிவு செய்யப்பட்டது. உலகெங்கும் நாலாயிரம் உறுப்பினர்கள். தலைவர், டயர் கடை வைத்திருக்கும் டெஸ்மண்ட் க்ராலி. செயலாளர், அடியேன். ஹார்ட்வேர் கடை வாசலில் சாசேஜ் சுட்டு விற்றுத்தான் நாங்கள் சங்கக் கொடி தைத்தோம்.

போன மார்ச்சில் இரண்டாம் பாகம் வரப்போகிறது என்று ஐம்பத்திரண்டு விநாடி டிரெய்லர் ஒன்று வெளியானது. உறுப்பினர்களின் எதிர்பார்ப்புகளைத் தொகுத்து அறிக்கை தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. காவல்காரர்கள் முன்னைவிடப் புத்திசாலிகளாக இருக்க வேண்டும், ஆனால் உறுப்பினர்களைக் கண்டுபிடித்துவிடக் கூடாது. எல்லாம் புதிதாக இருக்க வேண்டும், எதையும் மாற்றக் கூடாது. கதை நீளமாக வேண்டும், ஆனால் இழுக்கக் கூடாது. இப்படி நாற்பது பக்கம் வந்தது. நாற்பது பக்கத்தையும் சங்கம் ஏகமனதாக ஏற்றுக்கொண்டது. ஒன்றையொன்று அடித்துக்கொள்கிறதே என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

முப்பத்தோராவது விநாடியில்தான் விவகாரம் ஆரம்பித்தது. அந்த இடத்தில் கிளெமன்டைன் மேற்கு மேய்ச்சல் நிலத்தில் நிற்கிறாள். முதல் பாகத்தில் அவள் இடுப்பு வரை இருந்த புல், இதில் முழங்காலுக்குச் சற்று மேலேதான் வந்தது.

“பாத்தியா ரெக்ஸ், நம்மள ஏமாத்துறாங்க,” என்றான் டெஸ்மண்ட். “பன்னெண்டு வருஷம் காத்திருந்ததுக்கு முழங்கால் புல்லா?”

புல்லை வடிவமைத்தவள் இமோஜன் டக்வெல். நாலு வருடமாக அவளுக்கு அதுதான் வேலை. காற்றடித்தால் ஒவ்வொரு தாளும் தனியாகச் சாயும்படி செய்திருந்தாள். அவளிடமே கேட்டோம்.

“அவ மேட்டுல நிக்கிறா,” என்றாள் இமோஜன். “ரெண்டடி இறங்கினா இடுப்புக்கு வந்துடும். விளையாடிப் பாத்துட்டுச் சொல்லுங்களேன்.”

விளையாடிப் பார்த்துவிட்டுக் கருத்துச் சொல்வது எங்கள் சங்கத்தின் வழக்கம் இல்லை. அதிகாரப்பூர்வமான இடத்திலிருந்து அதிகாரப்பூர்வமான உயரம் வாங்குவது என்று தீர்மானம் நிறைவேறியது. கவுன்சிலுக்குக் கடிதம் எழுதியது நான்தான். ‘மேற்படி கேமில் மேற்படி நிலத்தில் உள்ள புல்லின் உயரத்தைத் தாங்கள் பரிசீலித்து, தக்க நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.’ முப்பத்தோராவது விநாடியின் படத்தையும் இணைத்தேன். அப்போது அந்தக் கடிதம் எனக்கு மிகவும் அழகாகத் தெரிந்தது.

கவுன்சிலுக்கும் கேமுக்கும் ஏற்கெனவே ஓர் ஒப்பந்தம் இருந்தது. ஊர்ப் பெயரையும் பழைய வரைபடங்களையும் கவுன்சில் கொடுத்திருந்தது. பதிலுக்குச் சில நிபந்தனைகள் போட்டிருந்தார்கள். மூன்றாவது பிரிவின்படி, கவுன்சில் அலுவலகம் கேமில் கொடிக்கம்பத்தோடு இடம்பெற வேண்டும். கதை நடப்பது 1854, அலுவலகம் கட்டியது 1971 என்று இமோஜன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். ஊரின் கௌரவம் வருடம் பார்ப்பதில்லை என்று பதில் வந்தது. பதினாலாவது பிரிவின்படி, கேமுக்குள் இருக்கும் தாரவில்லாவுக்கும் ஊர் விதிகள் பொருந்தும். கவுன்சில் சான்றிதழ் கொடுத்தால்தான் கேம் வெளியே வரலாம். டிசம்பரில் கேம் வராவிட்டால் அந்த ஒன்பது பேரும் கிடங்கைப் பூட்டிவிட்டு வேறு வேலை தேட வேண்டியதுதான்.

ஏப்ரலில் எழுதிய கடிதத்துக்கு நவம்பர் இரண்டாம் தேதி பதில் வந்தது. பதில் எனக்கு வரவில்லை. கம்பளிக் கிடங்கின் கதவில் மஞ்சளாக ஒட்டப்பட்டிருந்தது. ‘கிளெமன்டைன் வாஸ், சலவைத் தொழிலாளி, மேற்கு மேய்ச்சல் நிலம். தங்கள் அனுபவத்தில் உள்ள நிலத்தில் புல் ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர் வளர்ந்துள்ளது. பதினான்கு நாட்களுக்குள் வெட்டவும்.’

நேரடி ஆய்வின்போது புகார்தாரரும் உடனிருக்க வேண்டும் என்பதால் நானும் போனேன். ராஸ் பிக்கெட் அளவுகோலைக் கணினித் திரையில் வைத்துப் பொறுமையாக அளந்துகொண்டிருந்தார்.

“ராஸ், இது புல்லே இல்ல. படம்,” என்றாள் இமோஜன்.

“படத்துல என்ன இருக்கு?”

“புல்லு.”

“அதான் அளக்குறேன்.”

“இது எரியாதுங்க.”

“கேமுல நெருப்பு ஏதாவது இருக்கா?”

“காவல்காரங்க கையில தீப்பந்தம் இருக்கு,” என்றாள்.

“பாத்தீங்களா,” என்றார் ராஸ். குரலில் கோபமே இல்லை. “எனக்கும் கேம்னு தெரியும்மா. என்னை முட்டாள்னு நெனச்சுடாதீங்க. புகார் வந்திருக்கு, படம் இருக்கு, பதினாலாவது பிரிவு இருக்கு. நான் என்ன செய்யட்டும்?”

அவர் என்னைப் பார்த்தார். இமோஜனும் என்னைப் பார்த்தாள். நான் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் லேசில் விடுகிறவள் இல்லை. நோட்டீஸைப் புரட்டிப் பார்த்து, வெட்டுவதற்குப் பதிலாக மேய்த்தும் குறைக்கலாம் என்று ஒரு வரி இருப்பதைக் கண்டுபிடித்தாள். இருநூறு ஆடுகளை அந்த நிலத்தில் இறக்கினாள். மேய்ச்சல் நடக்கிற வரைக்கும் புல் இருக்கலாம் அல்லவா? அத்தோடு கிளெமன்டைன் ஆட்டு மந்தைக்கு நடுவே குனிந்து நகரலாம். காவல்காரன் பார்த்தால் கம்பளி முதுகுகள்தான் தெரியும். ஒரு நாள் எனக்கு விளையாடக் கொடுத்தாள். ஆடு நகர நகர நானும் நகர்ந்தேன். ஓர் ஆடு திடீரென்று நின்றுவிட்டது. காவல்காரன் இரண்டடி தூரத்தில். சத்தியமாகச் சொல்கிறேன், முதல் பாகத்தில்கூட என் நெஞ்சு அப்படி அடித்துக்கொண்டதில்லை.

ராஸ் வந்து பார்த்தார். மேய்ச்சல் அங்கீகரிக்கப்பட்ட முறைதான் என்று ஒப்புக்கொண்டார். “ஆனா ஆட்டுக்குக் காது வில்லை எங்க? பதிவு எண் இல்லாம ஒரு ஆடு இந்த ஊர்ல நடமாடக் கூடாது.” இமோஜன் இரண்டு ராத்திரி உட்கார்ந்து இருநூறு ஆட்டுக்கும் மஞ்சள் காது வில்லை மாட்டினாள். எண்கள்கூட வரிசையாக இருந்தன. ஆட்டோடு இரண்டாவது டிரெய்லர் வெளியானது.

சங்கத்தில் அவசரக் கூட்டம்.

“1854-ல காது வில்லையா?” என்றான் டெஸ்மண்ட். “வரலாறுன்னா இவங்களுக்கு அவ்வளவு இளக்காரமா?”

“நான் விளையாடிப் பாத்தேன் டெஸ்மண்ட். நல்லா இருக்கு,” என்றேன்.

“நல்லா இருக்கா இல்லையாங்கறது இங்க பேச்சே இல்ல. சரியா இருக்காங்கறதுதான் பேச்சு.”

மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினோரு பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஆட்டின் மூக்கு அந்தக் காலத்து இனத்தின் மூக்கே இல்லை என்று நியூசிலாந்து உறுப்பினர்கள் தனியாக ஒரு குறிப்பு சேர்த்தார்கள். கடிதத்தை எழுதியது நான். மனசு கேட்கவில்லை. ஆனாலும் எழுதினேன், ஏனென்றால் செயலாளர் பதவிக்கு என்னைத் தவிர இன்னொருவர் போட்டியிடத் தயாராக இருந்தார். இந்த முறை கவுன்சில் மூன்றே நாளில் நடவடிக்கை எடுத்தது. புகாருக்குள்ளான கால்நடைகளுக்கான மேய்ச்சல் அனுமதி ரத்து. நிலத்தை உடனடியாக வெட்டவும்.

வெட்டினார்கள். மேற்கு மேய்ச்சல் நிலம், ஓடைக்கரை, தேவாலயத் தோட்டம், எல்லாம் பத்து சென்டிமீட்டர். அன்று மத்தியானம் இமோஜன் போன் செய்தாள்.

“சோதனை பண்ணிப் பாத்தோம் ரெக்ஸ். கிளெமன்டைன் வீட்டை விட்டு வெளிய வந்து பதினோரு விநாடி. பிடிபட்டுட்டா. மறுபடி ஆரம்பிச்சோம். அதே பதினோரு விநாடி. நாலு வருஷம் அந்தப் புல்லுக்குள்ளயே இருந்தேன். நீங்க அது உயரமா இல்லன்னு புகார் குடுத்தீங்க. இப்ப அது இல்லவே இல்ல. ஒம்பது பேருக்கும் நாளைலேர்ந்து வேலை இல்ல. சங்கத்துல சொல்லிடுங்க.”

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். ‘தங்கள் கருத்து கூட்டத்தின் முன் வைக்கப்படும்’ என்றேன். பழக்க தோஷம்.

நல்லவேளை, அவள் என்னை நம்பி இருக்கவில்லை. நோட்டீஸின் பின்பக்கத்தில், எறும்பு ஊர்வது மாதிரி எழுத்தில், கடைசி வரி ஒன்று இருந்தது. ‘கவுன்சிலுக்குச் சொந்தமான நிலங்களுக்கு இந்த அறிவிப்பு பொருந்தாது.’ மறுநாளே, கொடிக்கம்பத்தோடு நின்ற கவுன்சில் அலுவலகத்தைச் சுற்றி ஒன்றரை மீட்டர் உயரத்துக்குப் புல் வளர்த்தாள். காற்றில் அலை அலையாகச் சாயும் புல். ராஸ் இறுதி ஆய்வுக்கு வந்தார். சட்டப்படி நானும் வந்தேன்.

“மத்த இடமெல்லாம் சரியா இருக்கு,” என்றார் ராஸ்.

“இந்த இடம்?” என்றாள் இமோஜன், கொடிக்கம்பத்தைக் காட்டி.

ராஸ் அளவுகோலைப் பைக்குள் வைத்தார். “அது எங்க நிலம். எங்களுக்கு நாங்களே நோட்டீஸ் குடுக்க முடியுமா?”

சான்றிதழ் கிடைத்தது. டிசம்பர் பதினெட்டில் ‘தலையைக் குனி’ இரண்டாம் பாகம் வெளியானது. ஊரில் எந்த வீட்டில் திருடினாலும் கிளெமன்டைன் ஓடிவந்து ஒளிய ஒரே ஓர் இடம்தான். தாரவில்லாவில் திருடர்களுக்குப் பாதுகாப்பான இடம் கவுன்சில் வளாகம் மட்டுமே என்பதை வெளியூர்க்காரர்கள் பெரிய கிண்டல் என்று பாராட்டி எழுதினார்கள். எங்கள் சங்கம் அப்படியெல்லாம் ஏமாறுகிற சங்கம் இல்லை. நாலாயிரம் பேரும் முதல் நாளே வாங்கினோம். மூன்று வாரம் வீட்டை விட்டு நகராமல் விளையாடினோம். முதல் பாகம் மாதிரி இல்லை என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டோம்.

அந்த மூன்று வாரத்தில் என் வீட்டு முன்வாசல் புல் பதினாலு சென்டிமீட்டர் வளர்ந்துவிட்டது. ஜனவரி ஒன்பதாம் தேதி கதவில் மஞ்சள் நோட்டீஸ். விளக்கம் சொல்ல நேரில் வரவும்.

போனேன். கவுன்சில் அலுவலகத்தின் முன்னால், நடைபாதையின் இரண்டு பக்கமும், காய்ந்து வெளுத்த புல் என் தோள் வரை நின்றது. பன்னிரண்டு வருடமாக அந்த வழியாகப் போய் வருகிறவன் நான். அன்றைக்குத்தான் அதைப் பார்த்தேன். உள்ளே ஏதோ அசைந்தது. விலக்கிப் பார்த்தால் டெஸ்மண்ட், ஒரு கையில் டேப், இன்னொரு கையில் அவனுடைய மஞ்சள் நோட்டீஸ்.

“நூத்தி நாப்பத்தெட்டு,” என்றான். “கேமுல இமோஜன் நூத்தம்பது போட்டிருக்கா. ரெண்டு சென்டிமீட்டர் தப்பு. கடிதம் எழுதணும்டா.”

அலுவலகக் கதவு திறந்தது. ராஸ் பிக்கெட் கையில் அளவுகோலோடும், ஒட்ட வேண்டிய நோட்டீஸ் கட்டோடும் வெளியே வந்தார்.

“தலையைக் குனி,” என்றான் டெஸ்மண்ட்.

குனிந்தேன். ராஸ் எங்களிடமிருந்து இரண்டடி தூரத்தில், புல் சட்டையில் உரச உரச, நடந்து போனார். எங்களை அவர் பார்க்கவில்லை. புல்லையும் பார்க்கவில்லை.