பத்தொன்பது கையெழுத்தும் ஒரு பானைச் சோறும்

மதிப்பிற்குரிய லோகேந்திர அண்ணனுக்கு,

தங்கை கோபிலா வணங்கி எழுதுவது. அப்பா, அம்மா, நான், இரண்டு ஆடு, மூன்று கோழி எல்லோரும் இங்கே சுகம். கோழி ஐந்தாயிற்றே என்று நீங்கள் கேட்பீர்கள். மற்ற இரண்டைப் பற்றிக் கீழே வரும். மலேசியாவில் ஊருக்கெல்லாம் கையுறை செய்து அனுப்பும் உங்கள் கைகளும் சுகமாக இருக்க வேண்டும் என்று அம்மா தினமும் வேண்டிக்கொள்கிறாள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் விடுப்பு எடுத்துக்கொண்டு வர வேண்டியதில்லை. யாரும் நம்மை எதுவும் செய்யவில்லை. தசைன் பண்டிகைக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது, அப்பாவுக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலை எதுவும் போகவில்லை. வார்டு அலுவலகத்தின் ஃபேஸ்புக் பக்கத்தைப் பார்த்துவிட்டு "என்ன பண்ணித் தொலைச்ச?" என்று மூன்று முறை செய்தி அனுப்பியிருந்தீர்கள். போனில் பதில் சொன்னால் அப்பா "ஸ்பீக்கர்ல போடு" என்பார், எனக்கோ ஸ்பீக்கர் இல்லாமலே பேச்சு வராது. அதனால்தான் கடிதம். புதன்கிழமை விமானம் ஏறும் கேம்ராஜ் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்தைப் பற்றி உங்களுக்கு முன்பே எழுதியிருக்கிறேன். பத்தொன்பது இளைஞர்கள் வார்டு அலுவலக மாடியில் கூடி நாட்டைப் பற்றிப் பேசுவோம். அதாவது பதினெட்டுப் பேர் பேசுவார்கள், நான் எழுதுவேன். நம் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் என்று அப்பா என் சான்றிதழை மாட்டிய சுவருக்கு மட்டும் இரண்டு கோட் அடித்திருக்கிறார், ஆனால் நாலு பேர் முன்னால் வாய் திறக்க அந்தச் சான்றிதழ் எனக்குச் சொல்லித் தரவில்லை. எனவே நான்தான் தீர்மானப் புத்தகத்துக்குப் பொறுப்பு. பதினோரு சனிக்கிழமைகளில் நாங்கள் மூன்று அரசாங்கங்களைக் கவிழ்த்தோம், தாயின் பெயரால் குடியுரிமை வாங்கிக் கொடுத்தோம், மாதவிலக்கான பெண்களைக் கொட்டகையிலிருந்து வீட்டுக்குள் அழைத்து வந்தோம், வெளிநாடு போன இளைஞர்களையெல்லாம், உங்களையும் சேர்த்துத்தான், ஊருக்குத் திருப்பிக் கூப்பிட்டோம். ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் முறை வைத்து ஒருவர் வீட்டில் சிற்றுண்டி. என் முறை வரும்போதெல்லாம் நாட்காட்டியில் ஏதாவது வந்துவிடும். ஒரு முறை ஏகாதசி. ஒரு முறை மழை. ஒரு முறை, "ஐயோ பாவம், உங்க வீடு மேட்டுல இருக்கு, உங்கம்மாவுக்கு எதுக்குச் சிரமம்?" என்றார்கள். மேட்டுக்கு ஏறப் போவது அவர்கள், அம்மாவுக்கு என்ன சிரமம் என்று நான் கேட்கவில்லை. அன்றைக்குத் தலைப்பு தீண்டாமை ஒழிப்பு.

புத்தகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியாததில்லை. குடிதண்ணீர்க் கமிட்டியானாலும் கோயில் கமிட்டியானாலும் முதலில் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள், பிறகு பேசுவார்கள், பிறகு தேநீர் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள், கையெழுத்துக்குக் கீழே காலியாக இருக்கும் இடத்தில் என்ன முடிவானது என்பதை யாராவது ஒருவர் எழுதிக்கொள்வார். எங்களுக்கு அந்த ஒருவர் நான். பதினோராம் கூட்டத்தில் தலைவர் உன்மேஷ் ரேக்மி இருபத்தைந்து நிமிடம் பேசினார். அவரைத் தெரியுமல்லவா, மேலத்தெரு ரேக்மி வீட்டுப் பிள்ளை, நெஞ்சில் கை வைத்துப் பேசுவார். முடித்ததும், "கோபிலா, பேசினதைச் சுருக்கமா எழுதிடும்மா" என்று சொல்லிவிட்டுத் தேநீருக்குப் போனார். எழுதினேன். என் கையெழுத்து தெளிவு, அதுதான் வினையாகப் போயிற்று.

எழுதியது இது: "தீர்மானம் 1. தீண்டாமையை நம்மிடமிருந்தே தொடங்கி ஒழிக்கும் பொருட்டு, வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு உறுப்பினர் கோபிலா பரியார் வீட்டில் கூடி, அவருடைய தாயார் சமைத்த சோறும் பருப்பும் உண்பதென ஏகமனதாக முடிவு செய்யப்பட்டது."

திங்கட்கிழமை மாடிச் சாவிக்காக நகலைக் கொண்டுபோய் வார்டு செயலாளரிடம் கொடுத்தேன். அவர் வழக்கமாகப் படிக்காமலே முத்திரை குத்துகிறவர். அன்று பார்த்து மின்சாரம் இல்லை, கம்ப்யூட்டரில் சீட்டு விளையாட முடியவில்லை, படித்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். "இவ்வளவு நாளா இந்த வார்டுல இப்படி ஒரு வேலை நடக்கலையே" என்று சொல்லி, பத்தொன்பது கையெழுத்தும் தெரியும்படி படம் எடுத்து, முன்மாதிரி இளைஞர்கள் என்று தலைப்புப் போட்டு ஏற்றிவிட்டார். மாலைக்குள் கத்தார், துபாய், ஜப்பான் எங்கேயிருந்தெல்லாமோ வாழ்த்து. நீங்கள் பார்த்தது அதைத்தான்.

அன்று மாலையே உன்மேஷ் அண்ணா ஓடி வந்தார். "கோபிலா, நான் அப்படியா சொன்னேன்?"

"எழுதியிருக்கே அண்ணா" என்றேன்.

"தெரியுது. ஆனா சோறுன்னா சொன்னேன்? அவலோ பழமோன்னா பரவாயில்ல, சோறுன்னு..."

"நெஞ்சுல கை வச்சுச் சொன்னீங்க."

அவர் யோசித்தார். "அப்ப சொல்லித்தான் இருப்பேன்" என்று போய்விட்டார். மற்றவர்களும் அப்படித்தான். தலைவர் பேசும்போது யாருமே காது கொடுக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள யாருக்கும் மனமில்லை. கேட்டவர்களிடமெல்லாம், "ஆமா ஆமா, நல்ல முடிவு, ரொம்ப நேரம் விவாதிச்சோம்" என்றார்கள்.

பிறகு காரணங்கள் வர ஆரம்பித்தன. ஒருவருக்கு வயிற்றில் வாயு, மருத்துவர் சோற்றையே தொடக்கூடாது என்றாராம். அன்று மாலை அவர் கடைவீதியில் இரண்டாவது தட்டு மோமோ சாப்பிடுவதைப் பார்த்தேன். நிரஞ்சன் பௌடேலுக்கு வியாழக்கிழமை பங்காளி வகையில் சித்வனில் ஒரு பெரியப்பா காலமாகிவிட்டார், பதின்மூன்று நாள் உப்புச் சேர்க்க முடியாது. ஸ்மாரிகா அக்கா, காட்மாண்டுவில் சட்டம் படித்துவிட்டு வந்தவள், அவள் மட்டும், "நான் வருவேன், எவன் வந்தாலும் வராட்டியும் வருவேன்" என்றாள். சந்தோஷமாக இருந்தது. ஆனால் மற்ற எல்லோரும் வராமல் அவள் ஒருத்தி மட்டும் வந்தால் அது யாருமே வராததைவிட மோசம் என்று எனக்குப் பட்டது.

அப்பாவுக்குச் செயலாளரே வழியில் நிறுத்திச் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து ஏணியைச் சுவரில் சாய்த்தார். பிறகு, "நான் ஏணியில ஏறி இறங்குறவன். என்னைய எதுக்கு மேடையில ஏத்துற?" என்றார். "வரலேன்னா தசைன் முழுக்க இந்தத் தெருவுல நான் எப்படித் தலை நிமிர்ந்து போறது? வந்து சாப்பிடாம எந்திரிச்சுட்டா உங்கம்மா எங்க போயி முகத்த வச்சுக்குவா?" இவ்வளவும் சொல்லிவிட்டு அவரே போய்ப் பெரிய பானையை இரவல் வாங்கி வந்தார்.

சனிக்கிழமை. அம்மா நாலு மணிக்கே எழுந்து இருபது பேருக்கு வடித்தாள். கறுப்பு உளுந்தம்பருப்பு, குந்த்ருக் கீரைக் குழம்பு, முள்ளங்கி ஊறுகாய், இரண்டு கோழி. நிரஞ்சனுக்கு மட்டும் உப்பில்லாமல் தனிப் பருப்பு. "பாவம், சாவு வீட்டுப் பிள்ளை" என்றாள். பத்து ஆயிற்று. பத்தரை ஆயிற்று. யாருமில்லை. பத்தே முக்காலுக்கு ஸ்மாரிகா அக்கா வந்தாள், கையில் ஒரு பெரிய பொட்டலம். மற்றவர்கள் வந்து சோற்றைத் தொடாவிட்டால் இருக்கட்டும் என்று அவல் வாங்கி வந்திருந்தாள். அம்மா அந்த அவலைப் பார்த்தாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள், அண்ணா. ஸ்மாரிகா அக்காவுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. "இது உங்க கோழிக்கும்மா" என்று பொட்டலத்தைப் பிரித்து முற்றத்தில் இறைத்துவிட்டாள். மிச்சமிருந்த மூன்று கோழிக்கும் அன்று தசைன்.

பதினொன்றுக்கு அப்பா, "தயிராவது வாங்கியாறேன்" என்று கிளம்பினார். தயிர் வீட்டில் இருந்தது. சும்மா உட்கார்ந்து வழியைப் பார்க்க முடியவில்லை அவருக்கு. நான் பின்னாலேயே போனேன். வளைவில் இருக்கும் தேநீர்க் கடையில் பார்த்தால், எங்கள் சபை முழுவதும் உட்கார்ந்திருக்கிறது. பதினேழு பேர். ஒன்பதரைக்கே வந்துவிட்டார்களாம். முதலில் யார் ஏறிப் போவது என்று ஒன்றரை மணி நேரமாக விவாதம். தலைவர்தான் போக வேண்டும் என்று ஒரு கட்சி, தலைவர் கடைசியில் போவதுதான் மரபு என்று உன்மேஷ் அண்ணாவின் கட்சி. கடைக்காரர் என்னைப் பார்த்து, "இவங்கள கூட்டிட்டுப் போம்மா, ஆளுக்கு மூணு டீ ஆச்சு, பெஞ்சு காலியாக மாட்டேங்குது" என்றார்.

அப்பாவைக் கண்டதும் பதினேழு பேரும் கிளாஸோடு எழுந்து நின்றார்கள். அந்தக் கடையில் அப்பாவைப் பார்த்து யாரும் எழுந்து நான் பார்த்ததில்லை. குடித்த கிளாஸை அவரே கழுவிக் கவிழ்த்துவிட்டு வருகிற கடை அது. "தம்பிங்களா, சோறு ஆறுது" என்றார். அவ்வளவுதான். பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல வரிசையாக மேடேறி வந்தார்கள். வாயுக்காரர்தான் முதலில் வந்தார்.

முற்றத்தில் பாய் விரித்து உட்கார வைத்துப் பரிமாறினோம். அம்மா கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். தட்டில் சோறு விழுந்தது. எல்லோரும் உன்மேஷ் அண்ணாவைப் பார்த்தார்கள். அவர் பருப்பை ஊற்றிப் பிசைந்தார். ஒரு கவளம் எடுத்தார். எடுத்த கையோடு பேச ஆரம்பித்துவிட்டார். "நண்பர்களே, நூற்றாண்டுகளாக இந்தச் சமூகத்தில்..." கவளம் காற்றில் நிற்கிறது. அரசியல் சட்டத்துக்கு வந்தார், கவளம் நிற்கிறது. எல்லோர் கையும் அவரைப் பார்த்துத் தட்டில் நிற்கிறது. கதவிடுக்கில் அம்மாவின் ஒரு கண் தெரிந்தது. அதை நான் பார்க்க விரும்பவில்லை. அப்போது அப்பா, வேலை செய்யும் வீடுகளில் "சரிங்க" தவிர வேறொன்றும் பேசாத நம் அப்பா, பருப்புச் சட்டியோடு அவர் முன்னால் குனிந்து, "தம்பி, முதல்ல சாப்பிடுங்க. ஒழிக்கிறத அப்புறம் ஒழிச்சுக்கலாம்" என்றார்.

யாரோ சிரித்தார்கள். உன்மேஷ் அண்ணா காது வரை சிவந்து, கவளத்தை வாயில் போட்டார். மென்றார். விழுங்கினார். இன்னொன்று எடுத்தார். நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். அதற்கப்புறம் அங்கே கேட்டதெல்லாம் சாப்பிடுகிற சத்தம்தான்.

நிரஞ்சன்தான் பாவம். ஓரமாக உட்கார்ந்து உப்பில்லாத பருப்போடு போராடிக்கொண்டிருந்தார், கண் மட்டும் பக்கத்துத் தட்டுக் கோழியில். ஸ்மாரிகா அக்கா போனை அவரிடம் நீட்டினாள். "ஏம்ப்பா நிரஞ்சன், சித்வன் பெரியப்பா பேரு ஹோம்நாத் பௌடேல்தானே? நேத்து நம்ம படத்துக்குக் கீழே, 'இளைஞர்களுக்கு என் ஆசி'ன்னு எழுதியிருக்காரே." நிரஞ்சன் அதை வெகு நேரம் படித்தார். "பொய்யான தகவல் வந்திருக்கும்போல" என்றார். பிறகு மெதுவாக, "அம்மா, கோழி மிச்சம் இருக்கா?" அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்துவிட்டாள். உயிர் பிழைத்த பெரியப்பாவுக்காக ஒரு தொடைத் துண்டு கூடுதலாகவே வைத்தாள்.

உன்மேஷ் அண்ணா இரண்டாம் முறையும் சோறு கேட்டு வாங்கினார். சாப்பிட்டு முடித்துத் தட்டை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்க் குந்திக் கழுவ ஆரம்பித்தார். அம்மா பதறி, "வையுங்க தம்பி, விருந்தாளி கழுவலாமா?" என்று ஓடினாள். அப்பா அவளைத் தடுத்தார். "கழுவட்டும் விடு" என்றார். கோபமெல்லாம் இல்லை. சும்மா நின்று, கடைசி வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று மணிக்கு ரேக்மி வீட்டு அம்மா பிள்ளையைத் தேடி வந்தார். உள்ளே வரவில்லை, சந்திலேயே நின்றார். "சாப்பிட்டானா?" என்றார். அம்மா தயங்கி, "ரெண்டு தடவ வாங்குனாருங்க" என்றாள். "வீட்டுல ஒரு தடவ போடுறதையே கோழி மாதிரி கொத்துவான்" என்றார் அந்த அம்மா. அவருக்குக் கோபம் அதில்தான் அதிகம் என்று தோன்றியது. கொஞ்ச நேரம் நின்றார். "குந்த்ருக்குக்கு என்ன போட்டுத் தாளிச்ச?" என்று கேட்டார். அம்மா சொன்னாள். சந்தில் ஒருவர், படலுக்கு இந்தப் பக்கம் ஒருவர், ஒரு சமையல் முழுக்கப் பேசினார்கள். தண்ணீர் கொடுத்தோம், வேண்டாம் என்றுவிட்டார். அது அப்படித்தான் அண்ணா, நான் கூட்டி எழுதவில்லை. ஆனால் போகும்போது அப்பாவிடம், வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க ஞாயிற்றுக்கிழமையே வரச் சொன்னார். இதுவரை சமையலறைச் சுவரை மட்டும் அவர்களே பூசிக்கொள்வார்கள், திட்டுத்திட்டாக இருக்கும். "இந்தத் தடவ அதையும் பாத்துக்க" என்றார். அப்பா "சரிங்க" என்றார்.

ஆகவே கவலைப்படாமல் இருங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள், கூடுதல் நேர வேலையைக் குறையுங்கள். அப்பா அம்மாவின் ஆசி உங்களோடு எப்போதும் இருக்கட்டும். அங்கே உங்கள் அறையில் இருக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தங்கை,
கோபிலா

பின்குறிப்பு: மேலே எழுதியதில் ஒன்று சரியில்லை. பதினோராம் கூட்டத்தில் உன்மேஷ் அண்ணா நம் வீட்டைச் சொல்லவில்லை. யாருமே சொல்லவில்லை. சோறு என்றோ சனிக்கிழமை என்றோ ஒருவரும் வாய் திறக்கவில்லை. "மாற்றம் வர வேண்டும்" என்று முடித்தார், தேநீர் வந்தது, போய்விட்டார்கள். பத்தொன்பது கையெழுத்தும் அதற்குக் கீழே காலியாக அரைப் பக்கமும் இருந்தன. அந்தத் தீர்மானத்தை நானாகத்தான் எழுதினேன். இதை மட்டும் அப்பாவிடம் எந்தக் காலத்திலும் சொல்லிவிடாதீர்கள். ஊரிலிருக்கும் இத்தனை வீடுகளில் பிள்ளைகள் எல்லோரும் கூடிப் பேசி நம் வீட்டைத்தான் தேர்ந்தெடுத்தார்கள் என்று, ரேக்மி வீட்டுச் சமையலறையில் ஏணிமேல் நின்றுகொண்டு, கீழே போகிறவர் வருகிறவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.