விரலில் வந்த மை

சந்தேகப்படுவதில் தாராவியில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. மீன்காரி செவுளைப் பிரித்துக் காட்டினாலும் மோந்து பார்த்துத்தான் வாங்குவேன். (நான் சொல்லச் சொல்ல இதை எழுதும் மருமகள் செல்வி இப்போதே சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.)

அப்படிப்பட்ட நான் ஒரு குரலை நம்பினேன். ஓட்டுக்கு முந்தின நாள், நவி மும்பை சான்பாடாவில் இருக்கும் என் தம்பி போனில் அனுப்பிய, யாரோ பேசிய பதிவு. எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் எனக்குப் பொழுது போய்விடும், இது பேசியது. அதுவும் எங்கள் திருநெல்வேலிப் பேச்சு.

"யம்மா, வீடு வீடா ஆளு வருது. ஏதாவது சொல்லி விரல்ல மை வச்சிருவாவ. நாளைக்கு ஓட்டுப் போடப் போனா, போட்டாச்சின்னு திருப்பி அனுப்பிருவாவ."

நம்ம ஊர்ப் பேச்சு பேசுகிறவன் பொய் சொல்வானா? கல்யாணமாகி இங்கே வந்ததிலிருந்து ஒரு ஓட்டும் விட்டவளில்லை நான். வாசலிலேயே காவல் உட்கார்ந்தேன்.

வந்தாள் ஒருத்தி. தோளில் நீலப் பெட்டி, கையில் பேனா. பக்கத்து வீட்டு மேரியின் கதவில் சுண்ணக்கட்டியால் ஏதோ கிறுக்கினாள். பிறகு மேரியின் கைக்குழந்தை விரலைப் பிடித்தாள். பச்சைப் பிள்ளைக்கு ஏது ஓட்டு என்று யோசித்திருக்கலாம். (யோசித்தேன். பிள்ளையையே விடாதவள் நம்மையா விடுவாள் என்றுதான் பட்டது.)

"ஏட்டி மேரி! மை வைக்கா பாரு!"

பாய்ந்து பேனாவைப் பிடித்தேன். அவள் இழுத்தாள், நான் இழுத்தேன். சந்தே கூடிவிட்டது.

"ஆஜி, போலியோ ஹை, போலியோ!" என்று கத்தினாள். (ஆஜி என்றால் மராத்தியில் பாட்டி. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.)

மேரிதான் என் கையைப் பிரித்தாள். "பெரியம்மா, சொட்டு மருந்து குடிச்ச பிள்ளைக்கு அடையாளம் வைக்காவ. விடுங்க!"

பேனா அவளிடம் போயிற்று. மை என்னிடம் தங்கியது. இடது கை ஆள்காட்டி விரலில், நகத்தோடு சேர்த்து ஒரு கோடு. ஓட்டு மை வைக்கிற அதே இடம்.

எலுமிச்சை, மண்ணெண்ணெய், பாத்திரம் தேய்க்கிற நார். தோல் போனது, மை போகவில்லை.

மறுநாள் சாவடியில் அதிகாரி என் விரலைப் பார்த்துவிட்டு, ஏற்கெனவே போட்டாச்சா என்றார். வரிசை முழுக்க என்னைக் கள்ள ஓட்டுக்காரியாகப் பார்த்தது. பிறரைச் சந்தேகப்பட்டே பழகியவளுக்கு அந்தப் பார்வை புதுசு.

வாசலில் வயசானவர்களைக் கைபிடித்து அழைத்து வரும் சாவடி வேலையில் இருந்தவள் திரும்பினாள். அதே நீலப் பெட்டிக்காரி! இவள் வாயில்தான் இப்போது என் ஓட்டு.

"சார், நேத்து இந்த ஆஜிக்கு நான்தான் சொட்டு மருந்து குடுத்தேன்" என்றாள் ஹிந்தியில். பிறகு நடந்ததைச் சொன்னாள்.

சாவடியே சிரித்தது. அதிகாரி பட்டியலைப் பார்த்துவிட்டு, பக்கத்து விரலில் மை வைத்து உள்ளே விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் தம்பியைப் பிடித்தேன். "பேசினது யாருல?"

"தெரியாதுக்கா. நம்ம ஊர்க்காரன் மாதிரி இருந்துச்சேன்னு அனுப்பினேன்."

இப்போதும் நான் போனைக் காதில் வைத்தால் செல்வி கேட்கிறாள்: "அத்தே, அடுத்த சொட்டு எப்போ?"

(இதையெல்லாம் நான் சொன்னபடிதான் எழுதுகிறாளா என்று மேரியைப் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.)